டாக்டர் நோயைக் கோட்டை விட்டுட்டாரு: கேஸ் போடலாமா?

கங்கைகொண்டான் சிப்காட்ல வேலை பார்க்கிறீங்களா? சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ளன்னா, மாசாமாசம் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடிப்பாங்க. அதனால அது இலவச வைத்தியம் இல்லை நண்பர்களே. சோனிபட்ல ஒரு தொழிலாளி, இ.எஸ்.ஐ. மருந்தகத்துல மனைவியோட நோயைத் தப்பா கணிச்சுட்டாங்கன்னு வழக்குப் போட்டார். நுகர்வோர் சட்டத்துல அவர் வழக்குப் போடலாம்னு 2007-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு.

ஆனா, போடலாம் என்பது வேற. போடணுமா என்பது வேற. நோயைத் தவறவிட்டாலே அலட்சியம் ஆகிடாது. மூணு கேள்வி கேளுங்க:

1. அதே அறிகுறிக்கு, சராசரி டாக்டர் ஒருத்தர் அந்த டெஸ்ட்டை எழுதியிருப்பாரா?
2. தாமதத்தாலதான் உடம்பு மோசமாச்சா?
3. கூடுதல் செலவு, சம்பள இழப்புக்கு பில் இருக்கா?

முதல் ரெண்டுக்கும் இன்னொரு டாக்டர் எழுத்துல 'ஆமா' சொல்லலைன்னா, என் கருத்து: விட்டுருங்க. கோபத்துக்கு நஷ்டஈடு கிடையாது.

சொன்னாரா? கேஸ் ஷீட்டை எழுதிக் கேளுங்க. 72 மணி நேரத்துல தரணும். திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள மனு போடுங்க. வைத்தியத்துக்குக் கட்டினது 5 லட்சத்துக்குள்ளன்னா மனுக் கட்டணம் இல்லை.

பில்லைத் தூக்கிப் போட்றாதீங்க!