அமைதியான தெரு யாருக்கு அமைதி?

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களுக்கும் யூடியூப் காணொளிகளுக்கும் அலுக்காத ஒரு தலைப்பு உண்டு. பெருநகர நெரிசலை விட்டு ஒதுங்கி, அமைதியும் அழகும் கொண்ட ஒரு குடியிருப்பில் காலாற நடந்து வாருங்கள் என்பதுதான் அது. சென்னை என்றால் பெசன்ட் நகரைக் காட்டுவார்கள். நிழல் தரும் மரங்கள், காபிக் கடைகள், எலியட்ஸ் கடற்கரை, பக்கத்திலேயே கலாசேத்திரா. நானும் அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன். அழகுதான், மறுக்கவில்லை. அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதே என் கேள்வி.

நான் சங்கரன்கோவில்காரன். எங்கள் பக்கம் ஒருவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால் விசாரணை முடிந்துவிடாது. அடுத்து "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. சென்னையில் நான் வீடு தேடியபோது இதே கேள்வி வேறு உடையில் வந்தது. "நீங்க சைவமா?" என்றார் ஒரு வீட்டுக்காரர். இல்லை என்றதும் வீடு ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது என்றார். 'வாடகைக்கு' பலகை மட்டும் அடுத்த வாரமும் அங்கேயே தொங்கியது. கிராமத்தில் தெருப் பெயர் செய்யும் வேலையை நகரத்தில் சாப்பாட்டுத் தட்டு செய்கிறது.

பெசன்ட் நகரின் வரலாற்றையே பாருங்கள். வீட்டுவசதி வாரியம் மனை பிரிப்பதற்கு வெகுகாலம் முன்பே அங்கே ஊரூர் குப்பத்து மீனவ மக்கள் வாழ்ந்தார்கள். அடையாறு பகுதியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகக் கர்னல் ஆல்காட் 1894-இல் இலவசப் பள்ளி தொடங்கினார். அவருக்குப் பின் பிரம்மஞான சபைத் தலைமைக்கு வந்த அன்னிபெசன்டோ, அந்தப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று 1909-இல் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் எழுதினார். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945-இல் வெளியிட்ட நூலில் அண்ணல் அம்பேத்கர் அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தினார். பள்ளி தொடங்கியவர் பெயர் குப்பத்துக்குப் போனது. பிரித்து வை என்று எழுதியவர் பெயர் நகருக்குப் போனது.

நகரத்தின் நெரிசல் எங்கே போனது? கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போயின. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அங்கிருந்து விடிகாலையில் பேருந்து ஏறி வரும் பெண்கள்தான் 'அமைதியான' வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள், தெருக்களைக் கூட்டுகிறார்கள். வேலைக்கு உள்ளே வரலாம், குடியிருக்க வரக்கூடாது. இது கிராமத்துச் சேரிக்கு வகுத்த விதியேதான்.

கிராமம் மட்டும் அமைதியா? சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளமும் பார்வைக்கு அமைதியான ஊர்தான். 2022 செப்டம்பரில் தின்பண்டம் வாங்க வந்த பட்டியலினச் சிறுவர்களிடம், ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, இனி உங்களுக்குத் தர மாட்டோம் என்று கடைக்காரர் சொன்னார். அதைக் காணொளியாக எடுத்துப் பரப்பியதால்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவாகி, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் 6 மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. காலங்காலமாக மற்றவர்களை ஒதுக்கி வைத்தவர்களை, அந்த ஒரு முறையாவது சட்டம் ஒதுக்கி வைத்தது.

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே ஆண்டில்தான் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் தந்தை பெரியார் சிறை சென்றார். தீண்டாமையின் பேரால் எந்தப் பகுதியிலும் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் ஒரு தெருவில் பட்டியலின மக்கள் செருப்பணிந்து நடக்க 2023 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்கள் உடன் நடந்த பிறகு.

மாற்று இல்லையா? இருக்கிறது. 1998-இல் மேலக்கோட்டையில் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரம் அதற்கான முயற்சி. 100 வீடுகளில் 40 பட்டியலினத்தவருக்கு, 50 பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட மக்களுக்கு, 10 பிறருக்கு என்று கலந்து குடியமர்த்தினார்கள். குறைகள் உண்டு. ஆனால் சாதி பார்த்துத் தெரு பிரியக்கூடாது என்று ஓர் அரசு திட்டம் போட்டது சாதாரண விஷயமல்ல. அந்தக் கணக்கு ஏன் கிராமத்தோடு நின்றுவிட்டது? வீட்டுவசதி வாரியம் நகரத்தில் கட்டும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் அது பொருந்த வேண்டும். சைவம் என்ற பெயரில் வாடகை வீடு மறுப்பதையும் தீண்டாமைக் குற்றமாக அறிவிக்க வேண்டும். குடிசைகளை அகற்றினால் அதே பகுதியில் வீடு தர வேண்டும்.

மரநிழலும் சுத்தமான நடைபாதையும் வேண்டாதவர் யாருமில்லை. கண்ணகி நகருக்கும் பாஞ்சாகுளத்துக்கும் அவை வேண்டும். ஆளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு அனுபவிப்பதை அமைதி என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது. அதற்குப் பெயர் ஊர்க் கட்டுப்பாடு.