இடுப்புவலியும் கைப் பரீக்ஷையும்

இடுப்புவலி என்று வருகிறவனை மேஜைமீது கிடத்தி, காலை மடக்கியும் முறுக்கியும் பார்த்து, “உமது இடுப்பு மூட்டு நழுவியிருக்கிறது” என்று ஒரே நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவதைக் காண்கிறோம். அத்தீர்ப்பை நம்பி, பாடுபட்டுப் பிழைப்பவன் வாரக்கணக்கில் வேலையை விடுகிறான்; கைப்பொருளையும் இழக்கிறான். ஆகவே அப்பரீக்ஷைகளின் யோக்கியதை என்னவென்று கேட்க வைத்தியரல்லாத நமக்கும் உரிமையுண்டு.

எல்லாம் வீண் என்பது நமது கக்ஷியன்று. ஒற்றைக் காலில் நிற்கச் செய்து மறுபுறத்து இடுப்புத் தாழ்கிறதா என்று பார்க்கும் முறையை ஜெர்மன் ரண வைத்தியர் டிரெண்டலன்பர்க் 1895-ல் எடுத்துரைத்தார். இடுப்பைத் தாங்கும் தசையின் பலவீனத்தை அது இன்றும் காட்டித் தருகிறது. நமது ஆக்ஷேபணை, முதுகின் அடியிலுள்ள திருவெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டைப் பற்றியது. அம்மூட்டு அசைவதே இரண்டு மூன்று டிகிரிதான். அதுவும் தடித்த தசைநார்களுக்குள் புதைந்து கிடப்பது. அவ்வசைவை விரலால் தடவிக் கண்டுகொண்டோம் என்பதை எங்ஙனம் நம்புவது? டிரைபஸ் முதலியோர் வலியே இல்லாதவர்களைச் சோதித்து 1994-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 20 பேரிடம் இவ்வசைவுப் பரீக்ஷைகள் குற்றம் கண்டன!

நிற்க. அசைவைத் தேடாமல், மூட்டை அழுத்தி, நோயாளிக்குப் பழகிய அதே வலி எழுகிறதா என்று பார்ப்பது மேலான முறை. நியூஸிலாந்து நிபுணர் லாஸ்லெட் முதலியோர் 2005-ல் 48 பேரைப் பற்றி எழுதினர். மூட்டினுள் மரக்கச் செய்யும் மருந்தை ஊசியால் ஏற்றிப் பார்த்ததில், 16 பேருக்கே அம்மூட்டு காரணமென்று தெரிந்தது. ஆறு பரீக்ஷைகளில் மூன்றேனும் வலி எழுப்பவேண்டும் என்று விதித்தபோது, அந்த 16 பேரில் 15 பேர் அகப்பட்டனர். ஆனால் காரணமற்ற 32 பேரில் 7 பேரும் உடன் சிக்கினர். அதாவது, பிடிபட்ட 22 பேரில் 7 பேர் நிரபராதிகள். மூன்று பரீக்ஷைகள் சேர்ந்து சாக்ஷி கூறியபோதே இந்தக் கதி! ஆறில் ஒன்றுமே அவ்வலியை எழுப்பாவிடில், மூட்டின்மேல் பழியில்லை என்று தைரியமாகச் சொல்லலாம் என்பது அவர்கள் முடிவு. குற்றஞ்சாட்டுவதைவிட விடுதலை செய்வதற்கே இவை தகுந்தவை போலும். உரைகல்லாகக் கொண்ட ஊசியின்மீதும் ஒரு வழக்கு உண்டு: அது மூட்டின் உட்புறத்தை மரக்கச் செய்யுமேயன்றி, பின்புறத்து நார்களின் வலியை அறியாது.

ஒரு கணுக்காலை மறு முழங்கால்மீது வைத்து, முழங்காலைக் கீழே அமுக்கிப் பார்க்கும் பரீக்ஷைக்குப் பாட்ரிக் என்பவர் பெயர் வழங்குகிறது. நாற்காலியில் வளர்ந்தவனுக்கும் பாலியம் முதல் சம்மணமிட்டு உட்காருகிறவனுக்கும் அந்த முழங்கால் ஒரே அளவு தாழுமா? துரையின் பெயர் சூட்டியதனாலேயே ஒரு பரீக்ஷை வேதவாக்காகிவிடாது.

வைத்தியர்களை நாம் கேட்பது இவ்வளவே. ஒரு பரீக்ஷையைக் கொண்டு வியாதிக்குப் பெயரிடாதீர்கள். எத்தனை செய்தீர்கள், எத்தனையில் அதே வலி எழுந்தது என்பதை நோயாளியின் சீட்டிலேயே குறித்துக் கொடுங்கள். இதற்குப் புதிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பத்து நிமிஷமும் ஒரு பென்சிலும் போதும்.