கார் வழுக்குகிற படம் போட்ட பொத்தான் எதற்கு?

புதுக் கார் வீட்டுக்கு வந்துவிட்டது. மாலை போட்டாயிற்று. எலுமிச்சம்பழம் சக்கரத்தில் நசுங்கியாயிற்று. குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்து பார்த்தால், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பொத்தான்கள்! ஒன்றில் சிவப்பு முக்கோணம். ஒன்றில் வட்டத்துக்குள் "ஏ" என்ற ஆங்கில எழுத்து. இன்னொன்றில் ஒரு கார். அதன் பின்னால் பாம்பு நெளிந்தது போல இரண்டு கோடுகள்.

இந்தக் கடைசிப் பொத்தான் எதற்கு? கார் வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. சாவியைக் கொடுக்கும் அவசரத்தில், விற்பவர் பாட்டுப் பெட்டியைக் காட்டுவார். ஏ.சி.யைக் காட்டுவார். இதைப் பற்றிப் பேசுவது அபூர்வம். காரோடு தருகிற விளக்கப் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அது உறையைக் கூடப் பிரிக்காமல் டாஷ்போர்டு பெட்டிக்குள் உறங்குகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மற்றப் பொத்தான்களை அமுக்கினால் வேலை தொடங்கும். இந்தப் பொத்தானை அமுக்கினால் வேலை நின்றுவிடும்! "இது என்ன, அமுக்கித்தான் பார்ப்போமே" என்று அமுக்குகிறவர், உயிரைக் காக்கும் கருவி ஒன்றைத் தம் கையாலேயே அணைத்துவிடுகிறார். அதன் பெயர் டிராக்ஷன் கண்ட்ரோல். தமிழில் சொன்னால், சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு.

மாட்டு வண்டியும் மோட்டார் காரும்

மாட்டு வண்டி சேற்றில் சிக்கினால் சக்கரம் அசையாமல் நிற்கும். கார் சேற்றில் சிக்கினால் சக்கரம் மட்டும் கிறுகிறுவென்று சுற்றும், கார் நகராது. ஏன் இந்த வித்தியாசம்?

வண்டியை இழுப்பது மாடு. சக்கரம் தானாகச் சுற்றுவதில்லை. காரிலோ எஞ்சின்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் தரையைப் பிடித்துத் தள்ளினால்தான் கார் முன்னே போகும். பிடிப்பு இல்லாத இடத்தில் சக்கரம் சுற்றும், மண் பறக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடினால் போதும். இதற்காக டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பை வைத்திருக்கிறார்கள். அது இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு சக்கரம் தார் ரோட்டிலும் மற்றொன்று சேற்றிலும் இருந்தால்? சேற்றில் உள்ள சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். தார் ரோட்டில் உள்ள சக்கரத்துக்குப் போதிய விசை கிடைக்காது. கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இங்கேதான் டிராக்ஷன் கண்ட்ரோல் வருகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் சுற்றுகளை எண்ணுகிற சிறு கருவி இருக்கிறது. ஏ.பி.எஸ். என்ற பிரேக் ஏற்பாட்டுக்கும் அதே கருவிதான். ஒரு சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால், "இது வழுக்குகிறது" என்று கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும். உடனே எஞ்சினின் வேகத்தைக் குறைக்கும். அல்லது வழுக்குகிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். அப்போது விசை பிடிப்புள்ள சக்கரத்துக்குப் போகும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள்!

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மழை பெய்து, இலைச் சருகு நனைந்து கிடக்கும்போது, கீழ் கியரில் ஏறுகிற காரின் சக்கரம் வளைவில் வழுக்கப் பார்க்கும். டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தாலும் கார் ஒரு கணம் தயங்கி, பிறகு ஏறும். "எஞ்சின் இழுக்கவில்லையே, பழுதோ?" என்று பயப்பட வேண்டியதில்லை. கருவி வேலை செய்கிறது என்று பொருள்.

மினுக்கினால் பயமில்லை

டாஷ்போர்டில் இதே படம் விளக்காகவும் எரியும். அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது பொத்தானைவிட முக்கியம்.

சாவி போட்டவுடன் சில விநாடி எரிந்து அணைந்தால், அது தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. ஓடும்போது மினுக் மினுக் என்று எரிந்தால், "ரோடு வழுக்குகிறது, மெதுவாகப் போ" என்கிறது. அப்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்த வேண்டும். "ஆஃப்" என்ற சொல்லோடு நிலையாக எரிந்தால், யாரோ பொத்தானை அமுக்கிவிட்டார்கள். மீண்டும் அமுக்கினால் சரியாகிவிடும். அந்தச் சொல் இல்லாமல், அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கருவியில் பழுது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஏ.பி.எஸ். விளக்கும் கூடவே எரிந்தால் தாமதம் கூடாது; இரண்டுக்கும் சக்கரக் கருவி ஒன்றுதான் அல்லவா?

நிறத்தையும் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் ஆபத்து. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்று மட்டும் சொல்கின்றன.

அப்படியானால் அணைப்பதற்கு ஒரு பொத்தான் எதற்கு?

நியாயமான கேள்வி. மணலிலோ, ஆழமான சேற்றிலோ கார் சிக்கிக்கொண்டால், சக்கரம் கொஞ்சம் சுற்றித்தான் வெளியே வர வேண்டும். கருவியோ சக்கரம் சுற்றுவதைக் கண்டதும் எஞ்சினை அடக்கிவிடும். கடற்கரை மணலில் இப்படி மாட்டிக்கொண்டு விழிப்பவர்கள் உண்டு. அங்கே பொத்தானை அமுக்கி, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி, காரை வெளியே எடுக்கலாம். வெளியே வந்ததும் திரும்ப அமுக்கிவிட வேண்டும். பெரும்பாலான கார்களில் எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பினால், கருவி தானாகவே விழித்துக்கொள்ளும்.

ஸ்வீடனில் கவிழ்ந்த கார்

இதே பொத்தான் பல கார்களில் இன்னொரு கருவியையும் அணைக்கிறது. அதன் பெயர் ஈ.எஸ்.சி.; சில கம்பெனிகள் ஈ.எஸ்.பி. என்கின்றன. டிராக்ஷன் கண்ட்ரோல் காரைக் கிளப்பும்போதும் வேகம் கூட்டும்போதும் உதவுகிறது. ஈ.எஸ்.சி. திருப்பத்தில் உதவுகிறது. ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பியிருக்க, கார் வேறு பக்கம் சறுக்கினால், தக்க சக்கரம் ஒன்றுக்கு மட்டும் பிரேக் போட்டுக் காரை நேர்வழிக்குக் கொண்டு வருகிறது.

1995-ல் மெர்சிடிஸ் பென்ஸின் விலை உயர்ந்த காரில் இது முதலில் வந்தது. பணக்காரர் கருவியாகவே இருந்திருக்கும். 1997 அக்டோபரில் ஸ்வீடன் நாட்டில் நடந்த சம்பவம் அதை மாற்றியது. அங்கே குதிரையைவிடப் பெரிய மூஸ் என்ற மான் திடீரென்று ரோட்டில் வந்து நிற்கும். அதன்மேல் மோதாமல் காரை ஒடித்துத் திருப்ப வேண்டும். அந்த நாட்டுப் பத்திரிகை ஒன்று, அதே கம்பெனியின் புதிய சிறு காரை அப்படி ஒடித்துப் பார்த்தது. கார் கவிழ்ந்தது! உலகமெங்கும் பேச்சு. கம்பெனி விற்பனையை நிறுத்தி, காரைத் திருத்தி, அந்தச் சிறு கார்கள் அனைத்திலும் ஈ.எஸ்.பி.யைப் பொருத்தியது. விலை குறைந்த காருக்கும் இது வேண்டும் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். வேறு வண்டி சம்பந்தப்படாமல் ஒரே கார் விபத்துக்குள்ளாகி உயிர்ப்பலி நேர்வதை இக்கருவி ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்க ஆராய்ச்சிகள் கண்டன.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை தொடங்கியது. அதில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற வேண்டுமானால் ஈ.எஸ்.சி. இருந்தாக வேண்டும். அது விருப்பச் சோதனைதான், கட்டாயம் இல்லை. ஆகவே வாங்குகிறவர் வாய் திறந்து கேட்க வேண்டும். கூரை திறக்குமா, திரை எத்தனை அங்குலம் என்று கேட்கிறவர்கள், "வழுக்கினால் பிடிக்குமா?" என்று கேட்பதில்லையே!

ஒன்றை மறக்கக் கூடாது. வழவழவென்று தேய்ந்த டயருக்கு எந்தக் கம்ப்யூட்டரும் பிடிப்பு தராது. டயர்ப் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் உண்டு. மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். டயரை மாற்ற வேண்டும்.

மற்றப் பொத்தான்கள்

வட்டத்துக்குள் "ஏ" எழுதியது, சிக்னலில் எஞ்சினைத் தானே நிறுத்திப் பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஏற்பாட்டை அணைப்பது. சரிவில் கார் இறங்கும் படம், மலை இறங்கும்போது வேகத்தைத் தானே கட்டுப்படுத்துவது. காருக்குள் வளைந்த அம்பு, வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுழற்றுவது.

சிவப்பு முக்கோணத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்சந்தியில் நேராகப் போவதற்கு நான்கு விளக்கையும் மினுக்குகிறவர்கள் ஏராளம். அது தவறு. பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பக்க விளக்கு மட்டுமே தெரியும். கார் திரும்பப் போகிறது என்று எண்ணிவிடுவார். அது வண்டி பழுதாகி நிற்கும்போது போட வேண்டிய விளக்கு.

இப்போது கம்பெனிகள் பொத்தான்களையே எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கண்ணாடித் திரைக்குள் ஒளிக்கின்றன. திரையில் தேட வேண்டுமானால் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் சோதனைக் கழகம் இதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. திரும்பும் விளக்கு, முக்கோண விளக்கு, ஹாரன், மழைத் துடைப்பான், ஆபத்தில் உதவி அழைக்கும் வசதி ஆகியவற்றுக்குக் கையால் தொட்டு உணரும் பொத்தானோ நெம்புகோலோ இல்லாவிட்டால், 2026 முதல் அந்தக் காருக்கு மதிப்பெண் குறையும்.