தாமதிக்கும் அரசுகள், தண்டனை மக்களுக்கு

புது தில்லி: காலக்கெடு கடந்து தாக்கலாகும் வழக்கை, எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 3-வது பிரிவு இட்டுள்ள கட்டளை இது. கடன் பாக்கிக்கு வழக்குத் தொடரப் பொதுவாக 3 ஆண்டுகள். நிலத்தின் உடைமையை மீட்க 12 ஆண்டுகள். அதன் பிறகு வரும் குடிமகனின் கோரிக்கை எத்தனை நியாயமாக இருந்தாலும் பயனில்லை.

வழக்குத் தொடர அரசுக்கு மட்டும் அதே சட்டம் 30 ஆண்டுகள் அளித்துள்ளது. மேல்முறையீட்டில் இச்சலுகை கிடையாது. உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகப் பொதுவாக 90 நாள்களே அவகாசம். எனினும், போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க 5-வது பிரிவு இடமளிக்கிறது. அரசுத் துறைகள் தொடர்ந்து நாடும் வழி இதுவே.

ஜம்மு-காஷ்மீர் மாநிலம், அனந்த்நாக் நில எடுப்பு வழக்கில் 4 நாள் தாமதத்தை 1987-ல் மன்னித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய மனுக்களைத் தாராளமாக அணுக வேண்டும் என்றது. நான்கு நாள்களுக்குக் கிடைத்த சலுகையை நூற்றுக்கணக்கான நாள்களுக்கும் அரசுகள் எதிர்பார்க்கத் தொடங்கின.

2012-ல் நீதிமன்றத்தின் பார்வை கடுமையானது. அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை மன்னிக்க மறுத்த உச்ச நீதிமன்றம், காலவரையறைச் சட்டம் அரசு உள்பட அனைவரையும் கட்டுப்படுத்தும் என்றது. கோப்புகள் மெதுவாக நகர்வது ஏற்கத்தக்க காரணமல்ல என்றும் தெளிவுபடுத்தியது.

மத்தியப் பிரதேச அரசு 663 நாள்கள் தாமதமாகத் தாக்கல் செய்த மனு, 2020 அக்டோபரில் தள்ளுபடியானது. ரூ. 25 ஆயிரம் அபராதம் விதித்த நீதிமன்றம், அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து வசூலிக்க உத்தரவிட்டது. இவை தள்ளுபடிச் சான்றிதழ் பெறுவதற்காகவே தொடரப்படும் வழக்குகள் என்றும் சாடியது. உச்ச நீதிமன்றமே தள்ளுபடி செய்துவிட்டது என்று கோப்பை மூடிவிட்டால், தாமதித்த அதிகாரியை எவரும் கேள்வி கேட்பதில்லை என்பதே இதன் பொருள்.

பிரச்னையின் வேர் இங்குதான் இருக்கிறது. தாமதத்தை மன்னித்தால், வழக்கில் வென்ற குடிமகன் மீண்டும் பல ஆண்டுகள் அலைய வேண்டும். மன்னிக்க மறுத்தால், பொது நிலமோ அரசுப் பணமோ வழக்கின் தகுதி ஆராயப்படாமலேயே பறிபோகலாம். இரண்டிலும் இழப்பு மக்களுக்கே.

இதற்குத் தீர்வு நீதிமன்றத்தின் கையில் மட்டும் இல்லை. காலக்கெடுவால் இழந்த வழக்குகள் எத்தனை, இழந்த தொகை எவ்வளவு, யார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்திலும் சட்டப்பேரவைகளிலும் தெரிவிக்கக் கடமைப்பட வேண்டும். கணக்குக் கேட்கப்படாதவரை, கோப்புகள் வேகம் பெறப்போவதில்லை.