மோட்டார் மூலை: பழைய மைனருக்கு எந்தப் பட்டை?



மோரிஸ் மைனர் என்றால் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. கிராணியாரும் டிரசரும் பள்ளி ஆசிரியரும் ஆசையாக ஓட்டிய கார். அப்பா காலத்துச் சொத்தாக அதை வீட்டோரம் நிறுத்தி, ஓய்வு நாளில் பழுது பார்க்கும் பிள்ளைகள் இன்றும் உண்டு. இம்மாதம் அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

வண்டி பின்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், பழைய இரும்புக் கடையில் "மைனர் பட்டைதானே, எதுவானால் என்ன?" என்று ஒன்றை வாங்கி மாட்டிவிடுவது பலருக்கு வழக்கம். துளை பொருந்தும், வண்டிக்குப் பொருந்தாது!

மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. சலூன் 1970 வரையிலும், பின்புறம் மரச்சட்டம் வைத்த டிராவலர் 1971 வரையிலும் தயாராயின. இத்தனை ஆண்டுகளிலும் பின் அச்சை இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டைக் கட்டுகளே தாங்கின. அமைப்பு ஒன்றுதான், ஆனால் அளவு ஒன்றல்ல.

மைனர் 1000 சலூனுக்கு ஐந்து பட்டை கொண்ட கட்டு. சாமான் ஏற்றும் டிராவலருக்கு ஏழு பட்டை. டிராவலர் கட்டைச் சலூனில் மாட்டினால் பின்புறம் தூக்கி நிற்கும். செம்மண் சாலையில் சக்கரம் துள்ளும், வளைவில் பிடிப்புக் குறையும். சலூன் கட்டை டிராவலரில் மாட்டினால் ஆள் ஏறியதும் வண்டி அமுங்கி, மேட்டில் அடி வாங்கும். ஆகவே கடைக்குப் போகும்முன் உங்கள் வண்டியின் வகையையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் பட்டைகளை எண்ணிப் பாருங்கள்.

பட்டைக் கட்டை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். இரண்டையும் தரையில் அருகருகே வைத்து வளைவை ஒப்பிடுங்கள். ஒன்று தட்டையாகக் கிடந்தால் வாங்க வேண்டாம். கட்டின் கனம் கூடினால் யூ போல்ட்டும் நீளமாக வேண்டும். நட்டுக்குள் இரண்டொரு புரி மட்டும் பிடித்தால் போதாது.

ஷாக் அப்சார்பர் கை வைத்த பழைய மாதிரி. இடப் பக்கத்துக்கும் வலப் பக்கத்துக்கும் தனித்தனி, மாற்றி மாட்டாதீர்கள். கழற்றிய நிலையில் கையை மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள். முழுத் தூரமும் ஒரே இறுக்கம் தெரிய வேண்டும். நடுவில் வெறுமையாக ஓடினால் எண்ணெய் குறைந்திருக்கும், அல்லது உள்ளே தேய்ந்திருக்கும். அதற்குரிய எண்ணெயையே ஊற்றுங்கள். எஞ்சின் எண்ணெய் வேண்டாம்.

சிலர் பட்டையோடு பின் அச்சையும் சேர்த்து வாங்குவார்கள். 1956இல் வந்த 948 சி.சி. வண்டியின் அச்சு விகிதம் 4.55, 1962இல் வந்த 1098 சி.சி.க்கு 4.22. பின்னதை முன்னதில் பூட்டினால், மீட்டர் 40 மைல் காட்டும்போது வண்டி சுமார் 43 மைலில் ஓடும். ஏற்றத்தில் இழுவையும் குறையும்.

இனி மாட்டும் முறை. ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்காதீர்கள். செங்கல் அடுக்கையும் நம்பாதீர்கள். பாரம் தாங்காமல் நொறுங்கிவிடும். இரும்பு ஸ்டாண்டு இரண்டு கட்டாயம் வேண்டும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

பட்டைக் கட்டின் நடு போல்ட் தலை, அச்சுத் தாங்கியின் துளைக்குள் சரியாக உட்கார வேண்டும். யூ போல்ட் நட்டுகளை நான்கு பக்கமும் சமமாக முடுக்குங்கள். ரப்பர் புஷ் இருக்கும் முனை நட்டுகளை மட்டும், சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் இறங்கிய பிறகே கடைசியாக முடுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

சில நாள் ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள். இதை மறப்பவர்களே அதிகம். யூ போல்ட் தளர்ந்தால் நடு போல்ட் அறுந்து, அச்சு இடம் நகரும். புக்கிட் இறக்கத்து வளைவில், பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது இது நடந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கையில் காசு கொஞ்சமாக இருந்தால் பெயின்டும் பளபளப்பும் காத்திருக்கட்டும். முதல் செலவு பட்டைக்கும் போல்ட்டுக்கும் ஆகட்டும்.