பார்பெக்யூ வறுவலும் அடுப்படியில் காணாமல் போகும் அம்மணிகளும்

மக்களே, முதல்ல கருத்தைச் சொல்லிடறேன். சமையல் குறிப்பு அப்புறம்.

வீட்டுல பார்ட்டின்னா ஸ்டார்ட்டர் சூடா, மொறுமொறுன்னு இருக்கணும். அதுல எனக்கு மறுப்பே இல்லை. ஆனா அந்த மொறுமொறுவுக்காக வீட்டு அம்மணி சாயங்காலம் ஏழு மணியிலேருந்து பத்து மணி வரைக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கணும்னா, அந்த ஸ்டார்ட்டரே வேண்டாம். ஒரு பாக்கெட் மிக்சரைப் பிரிச்சுக் கொட்டிட்டு எல்லாரும் உக்காந்து பேசலாம்.

நொய்டா பக்கம் இருக்கற நம்ம தமிழ்க் குடும்பங்கள் மாசம் ஒரு வீட்டுல கூடறது வழக்கம். பதினஞ்சு இருபது பேர் வருவோம். குழந்தைங்க தமிழ் பேசறது அன்னிக்கு ஒரு நாள்தான். ஒருத்தர் வீட்டுல மூணு மணி நேரம் இருந்திருக்கோம். அந்த வீட்டுப் பெண்மணியோட முகத்தை நான் பார்த்தது வந்தப்ப ஒரு தடவை, கிளம்பறப்ப ஒரு தடவை. நடுவுல அடுப்படிக் கதவு வழியா ஒரு கை நீளும், கையில ஒரு தட்டு இருக்கும். "ஆஹா, பிரமாதம்"னு உள்ள பார்த்துச் சத்தம் போடுவாங்க. அவங்க அப்பா தவறி ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அதைப் பத்திப் பேசணும்னுதான் நான் போனேன். பேசவே முடியலை. உள்ள போய் நின்னா, "நீங்க போய் உக்காருங்க, எண்ணெய் தெறிக்கும்"னு விரட்டிட்டாங்க.

ஊர்ல இந்தச் சிக்கல் வேற மாதிரி. ஒரு விசேஷம்னா அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு மாமின்னு ஆறேழு பேர் அடுப்பங்கரையில இருப்பாங்க. வேலையும் நடக்கும், ஊர்க்கதையும் நடக்கும். பாதிப் பார்ட்டியே அங்கதான் (அதுவும் பெண்கள் மட்டும்தான்கிறது தனிச் சண்டை, இன்னொரு நாள் வச்சுக்கலாம்). இங்க ஃப்ளாட் கிச்சன்ல ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆளுக்கு இடமில்லை. ஊர் மெனுவைத் தூக்கிட்டு வந்துட்டோம், கூட நிக்கற கைகளை ஊர்லயே விட்டுட்டோம்.

"அப்ப வெளியில வாங்கிடலாமே"ங்கறாங்க நம்ம ரங்கமணிகள். வாங்கலாம். டப்பாவுக்குள்ள ஆவி பிடிச்சு, மொறுமொறு எல்லாம் நமுத்துப் போயித்தான் வீடு வந்து சேரும். "பால்கனியில கரி அடுப்பு போட்டு நிஜ பார்பெக்யூ பண்ணலாமே"ன்னு இன்னொரு கோஷ்டி. தில்லி சுற்றுவட்டாரத்துல குளிர்காலத்துக் காத்து எப்படின்னு உங்களுக்கே தெரியும். காத்து மோசமாகிற நாள்கள்ல ஓட்டல் தந்தூர்லயே கரியும் விறகும் எரிக்கக் கூடாதுன்னு தடை வந்துடுது. நம்ம பங்குக்கு பத்தாவது மாடியிலேருந்து வேற புகை விடணுமா?

ஆக, பார்பெக்யூ ருசி வேணும், கரி அடுப்பு கூடாது, யாரும் அடுப்படியில மாட்டிக்கக் கூடாது. இந்த மூணுக்கும் சேர்த்து விடை: ரெண்டு தடவை பொரிக்கறது.

பலகாரக் கடைக்காரங்களுக்குத் தெரிஞ்ச சங்கதிதான் இது. முதல் தடவை எண்ணெய் 160 டிகிரி சுமாருக்கு இருக்கணும். ஒரு சொட்டு மாவு விட்டா அது அடியில போய் மெதுவா மேல வரும், அதுதான் அளவு. அதுல உள்ள வேகற வரைக்கும் பொரிச்சு, வெளிர் நிறமா இருக்கறப்பவே எடுத்துத் தட்டுல பரப்பி ஆற விட்டுடணும். ஆறற நேரத்துல உள்ள இருக்கற ஈரம் மெல்ல மேல்தோலுக்கு வரும். பரிமாறறப்ப 185, 190 டிகிரி சூட்டுல (மாவு விட்ட உடனே சரசரன்னு மேல வரணும்) ரெண்டே நிமிஷம். அந்த ஈரம் ஆவியாகி ஓடிடும், மேல்தோல் கண்ணாடி மாதிரி மொறுமொறுன்னு ஆகிடும். ஒரே தடவை பொரிச்சதை விட இது அதிக நேரம் நமுக்காம இருக்கும்.

முக்கால்வாசி வேலை மத்தியானம் மூணு மணிக்கே முடிஞ்சிடும்கறதுதான் இதுல எனக்குப் பிடிச்ச விஷயம். ராத்திரி மிச்சம் இருக்கறது ரெண்டு நிமிஷ வேலை. அதை யார் வேணா செய்யலாம். ரங்கமணி செய்யலாம், வந்த விருந்தாளி செய்யலாம், காலேஜ் போற பையன் செய்யலாம். ஆளுக்கு ஒரு ஈடு. குழந்தைங்க மட்டும் எண்ணெய்ப் பக்கம் வேண்டாம். ஏர் ஃப்ரையர் இருந்தா இன்னும் நல்லது. மத்தியானம் பொரிச்சதை 200 டிகிரியில அஞ்சாறு நிமிஷம் வச்சா போதும். ஆனா தளதளன்னு இருக்கற பச்சை மாவுல முக்கி நேரா அதுல வைக்காதீங்க, மாவு வழிஞ்சு தட்டுல ஒட்டிக்கும்.

எதைப் பொரிக்கறது? இங்க நவராத்திரி நாள், செவ்வாய்க்கிழமைன்னு பல பேர் அசைவம் தொடமாட்டாங்க. அதனால என் ஓட்டு சேப்பங்கிழங்குக்கு. இங்க அரபின்னு எல்லா சப்ஜிக்காரர்கிட்டயும் கிடைக்கும். ஒரு கிலோவை முக்கால் பதம் வேக வச்சு, தோலுரிச்சு, உள்ளங்கையால லேசாத் தட்டிக்கணும். பேபி கார்ன், காலிஃப்ளவர், சிக்கன் எல்லாத்துக்கும் இதே முறைதான். பன்னீரை மட்டும் ஒரே தடவை பொரிங்க, ரெண்டாவது தடவைக்கு ரப்பர் ஆகிடும்.

மேல் மாவு: கார்ன்ஃப்ளார் 1 கப், அரிசி மாவு அரை கப், மைதா கால் கப். மைதா ஒட்டறதுக்கு மட்டும்தான், கூடினா மெத்துனு ஆகிடும். இதுல காஷ்மீரி மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, மிளகு, கொஞ்சம் ஓமம், கையால கசக்கின கசூரி மேத்தி, உப்பு. தண்ணி கம்மியா விட்டுப் பிசிறிக்கணும். சர்க்கரை, தேன், கடையில வாங்கின பார்பெக்யூ சாஸ் எதையும் மாவுல கலக்காதீங்க. இனிப்பு எண்ணெய்ச் சூட்டுல சீக்கிரம் கருகும். உள்ள வேகறதுக்குள்ள வெளியே கருத்துடும்.

அப்ப பார்பெக்யூ எங்க? அது சாஸ்ல இருக்கு. அமெரிக்கக்காரங்க பார்பெக்யூ சாஸ்னு ஊத்தறது பெரும்பாலும் தக்காளி, வினிகர், சர்க்கரை, காரம். நம்ம ஊர் புளி இஞ்சிக்கு தூரத்துச் சொந்தம்தான். வெங்காயம், பூண்டு, 4 தக்காளி வதக்கி அரைச்சு, எலுமிச்சை அளவு புளிக்கரைசல், ஒரு பிடி வெல்லம், மிளகாய்த்தூள் போட்டுக் கெட்டியாக் காய்ச்சுங்க. புகை வாசனைக்கு வட இந்தியாவுல துங்கார்னு சொல்ற வழி இருக்கு. ஒரு சின்னக் கரித்துண்டை கேஸ் நெருப்புல சிவக்கக் காய்ச்சி, குட்டி ஸ்டீல் கிண்ணத்துல போட்டு, சாஸ் பாத்திரத்துக்குள்ள வச்சு, அரை ஸ்பூன் நெய் விட்டு உடனே மூடிடணும். 4 நிமிஷம் போதும். ஜன்னல் திறந்திருக்கணும். கரி அணையறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க. மூடின அறையில கரி அடுப்பு வச்சு உயிர் போன செய்தி இங்க குளிர்காலத்துல கேக்காத ஊரில்லை.

சாஸைத் தனிக் கிண்ணத்துல வைங்க. மேல புரட்டி வச்சா அஞ்சே நிமிஷத்துல அத்தனை மொறுமொறுவும் காலி.

எண்ணெய் பத்தி ஒரு வார்த்தை. ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ சரி. நல்லெண்ணெய் இந்தச் சூட்டுக்குப் புகைஞ்சிடும். மிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைக்காதீங்க. எண்ணெய் கெடக் கெட சேர்ற போலார் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினா அதுல சமைக்கக் கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 ஜூலைலேருந்து விதியே வச்சிருக்கு. வீட்டுல அளக்க முடியாது. கருத்துப் போனாலோ, நுரை கட்டினாலோ, சீக்கிரம் புகைஞ்சாலோ தூக்கிப் போடுங்க. சிங்க்ல ஊத்தாதீங்க.

"இதெல்லாம் பண்ணினா விருந்தாளி தப்பா நினைப்பாங்கடி, வந்தவங்களை வேலை வாங்கறதா?"ன்னு எங்கம்மா போன்ல கேக்கறாங்க. அம்மா தலைமுறைக்கு அது நியாயமான கேள்வி. ஆனா இங்க நாம ஒருத்தருக்கொருத்தர் விருந்தாளி மட்டும் இல்லையே. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல்னா கூப்பிடறது இவங்களைத்தானே. ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆளு ஒரு ஈடு சேப்பங்கிழங்கு பொரிக்கக் கூடாதா என்ன?

அடுத்த கூட்டம் உங்க வீட்டுலன்னா, மத்தியானமே முதல் பொரியலை முடிச்சிடுங்க. ராத்திரி ஜல்லிக்கரண்டியை முதல் ஆளா வீட்டு ரங்கமணி கையில கொடுங்க. பின்னாடியே மத்த ரங்கமணிங்க தானா வரிசையில வந்து நிப்பாங்க. நீங்க ஹால்ல வந்து உக்காருங்க. உங்ககிட்ட பேசத்தான் நாங்க வர்றோம்.

டிஸ்கி: அளவு பதினஞ்சு பேருக்கு. ரங்கமணிங்க நிறைய பேர் இருந்தா சேப்பங்கிழங்கை ஒண்ணரை கிலோ ஆக்கிக்கோங்க. பொரிக்கறப்பவே பாதி காணாமப் போகும் :-)