கட்டு லாரிக்கு, கடன் நமக்கு

அறுப்பு முடிஞ்ச கையோட நம்ம பக்கத்துல ஒரு புதுப்பேச்சு கிளம்பியிருக்கு. "வைக்கோல் கட்ட அடுத்தவன் மிஷினுக்கு ஏன் காத்துக் கிடக்கணும்? பஞ்சாப்ல பெரிய சதுர பேலர் பழசு பாதி விலைக்குக் கிடைக்குதாம். ஒண்ண இறக்கிட்டா சொந்தத்துக்கும் ஆச்சு, வாடகைக்கும் ஆச்சு." பத்துப் பன்னிரண்டு ஏக்கர் வச்சிருக்கிறவங்கதான் இப்படிப் பேசுறாங்க. வாட்ஸ்அப்ல வர்ற போட்டோவுல எல்லா மிஷினும் பளபளன்னு இருக்கு. ஒரு டப்பா பெயிண்ட் அடிச்சா எதுதான் பளபளக்காது?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தேவிபட்டினம் சுத்துவட்டாரத்துல ஒரு சின்ன சம்சாரி தனியாளா பழைய சதுர பேலர் வாங்குறது, லாரிக்காரருக்காகக் கடன் வாங்குறதுக்குச் சமம்.

முதல்ல "பெரிய"ங்கிற வார்த்தையைத் தெளிவாக்கிக்குவோம். உலகத்துல பெரிய சதுர பேலர்னு சொல்றது வேற ஜாதி. 1978-ல அமெரிக்காவுல ஹெஸ்டன் கம்பெனி கொண்டுவந்தது அது. நாலடி அகலம், நாலடி உயரம், எட்டடி நீளம், ஒரு கட்டே கிட்டத்தட்ட ஒரு டன். அதை இழுக்க 100 எச்.பி.க்கு மேல டிராக்டர் வேணும், கட்டைத் தூக்க லோடர் வேணும். நம்ம ஊர்ல ஓடுறது 35-லிருந்து 50 எச்.பி. வண்டி. அதனால அந்தப் பேச்சே வேண்டாம். புரோக்கர் நம்மகிட்ட "பெரிய சதுரம்"னு காட்டுறது, டிராக்டர் பின்னால ஒரு பக்கமா ஒதுங்கி வர்ற, ரெண்டு கயிறு போட்டுக் கட்டுற சாதாரண சதுர பேலரைத்தான். மினி ரவுண்ட் பேலரைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது பெரிசாத் தெரியுது, அவ்வளவுதான்.

சரி, அதையே எடுத்துக்குவோம். நமக்கு ஒரே போகம். புரட்டாசியில புழுதி விதைப்பு, ஐப்பசி கார்த்திகை மழை, கண்மாய்த் தண்ணி, தை மாசியில அறுப்பு. அறுப்பு மிஷின் போன பிறகு வைக்கோல் வயல்ல கிடக்கிற நாள், ஊர் முழுக்கச் சேர்த்தாலும் 25, 30 நாள்தான். மீதி பதினோரு மாசம் பேலர் சும்மா நிக்கும். அதுவும் உப்புக்காத்துல. நவபாஷாணத்துப் பக்கம் ஒரு இரும்புக் கம்பியை ஒரு வருஷம் போட்டு வச்சுப் பாருங்க, புரியும்.

இப்ப கணக்குப் போடுவோம். பழைய மிஷின் 6 லட்சம்னு வச்சுக்குவோம். 12 வட்டின்னா வருஷத்துக்கு வட்டி மட்டும் 72,000. ஒரு கட்டுக்கு 40 ரூபாய் கூலி வாங்குறீங்க, கயிறு, டீசல், டிரைவர், ரிப்பேர் போக 15 ரூபாய் கையில நிக்குதுன்னு வச்சுக்குவோம். வட்டி கட்ட மட்டும் 4,800 கட்டு போடணும். மானாவாரி நெல்லுல ஏக்கருக்கு 40 கட்டுன்னா 120 ஏக்கர். உங்க சொந்த வயல் 12 ஏக்கர். மிச்சம் 108 ஏக்கரை ஊர் ஊராப் போய்ப் பிடிக்கணும். இத்தனையும் வட்டிக்குத்தான். அசல்ல ஒரு ரூபாய் குறையலை. அதே 12 ஏக்கரை வாடகை மிஷின்ல கட்டினா 480 கட்டு, 19,200 ரூபாயோட வேலை முடிஞ்சுது. விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும், உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க. விடை பெரிசா மாறாது.

"120 ஏக்கர் என்ன பெரிய விஷயம், ஒரு நாளைக்கு அஞ்சு ஏக்கர்தானே" என்பாங்க. அஞ்சு ஏக்கர் ஒரே வயலா இருந்தா சரி. 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல ஒருத்தர் கைவசம் இருக்கிற நிலம் சராசரி 0.75 ஹெக்டேர், ஏறக்குறைய ரெண்டு ஏக்கருக்கும் கீழ. அதுவும் நாலு துண்டு, நாலு வரப்பு. பஞ்சாப்ல சமப்படுத்தின நீள வயல்ல நேராப் போற மிஷின், இங்க திரும்புறதுக்கே பாதி நேரத்தைத் தின்னுடும். கண்மாய் ஓரத்துல ஈரம் காயாத கரிசல்ல சக்கரம் புதைஞ்சா அன்னிக்குப் பொழுது போச்சு. 2021 ஜனவரியில பெஞ்ச மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அந்த மாதிரி ஒரு வருஷம் வந்தா கட்டவே வைக்கோல் இருக்காது. வட்டி மட்டும் வரும்.

அடுத்து மிஷினோட உள் விவகாரம். ரவுண்ட் பேலர் வைக்கோலைச் சுருட்டி, சுத்திக் கயிறு ஓட்டி அறுத்து விட்டுடும். முடிச்சே கிடையாது. சதுர பேலர்ல பிளஞ்சர் முன்னும் பின்னும் இடிச்சு வைக்கோலை அமுக்கும், ஊசி கயிறைக் கொண்டுவரும், நாட்டர் முடிச்சுப் போடும். மூணும் ஒரே தாளத்துல ஓடணும். தாளம் தப்பினா பிளஞ்சர் வந்து ஊசியை முறிச்சிடும். ஒரு முடிச்சு விழாம போனா அந்தக் கட்டு வயல்லயே அவிழ்ந்து கிடக்கும். நெல் தாள்ல சிலிக்கா அதிகம், கத்தியையும் முடிச்சுப் பாகங்களையும் அரம் போட்ட மாதிரி தேய்க்கும். அங்க பல சீசன் நெல் வைக்கோல்ல ஓடித் தேஞ்சதைத்தான் நமக்குப் பாதி விலைன்னு தள்ளுறாங்க. இங்க நாட்டர் தெரிஞ்ச மெக்கானிக் யாரு? பாகம் வர ஒரு வாரம்னா, 25 நாள் சீசன்ல கால்வாசி போயிடுச்சு.

இதெல்லாம் பணக்கணக்கு. எனக்கு உறுத்துறது வேற. சதுரக் கட்டு லாரியில செங்கல் மாதிரி இடைவெளி இல்லாம அடுக்கும். கேரளாவுக்கு லோடு ஏத்துறவருக்கு அது லாபம், நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா சதுர பேலருக்குக் கடன் கட்டணும்னா கட்டு மேல கட்டு விழணும், விழுந்த கட்டெல்லாம் லோடுக்குப் போகணும். முன்னாடி வீட்டுக்கு வீடு படப்பு இருந்துச்சு. இன்னிக்குத் தெருவுக்கு ஒண்ணு தேடணும். மாசியில வித்த வைக்கோலை வைகாசியில கூடுதல் விலைக்கு நாமே வாங்குறோம். ரெண்டு மாடு வச்சுப் பால் ஊத்துற அக்காமார்களுக்கு லாரி வரைக்கும் போற கட்டு உதவாது. படப்புல ஏறுற வைக்கோல்தான் உதவும்.

அப்ப என்னதான் செய்யறது? அஞ்சாறு பேர் சேர்ந்து புதுசா ஒரு மினி ரவுண்ட் பேலர் எடுங்க. நம்ம வண்டியே அதை இழுக்கும். 2014-15-ல தொடங்கின வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல புது மிஷினுக்குத்தான் மானியம், பழசுக்குக் கிடையாது. வேளாண்மைப் பொறியியல் துறையில விசாரிங்க, உழவன் செயலியிலயும் பதிவு இருக்கு. வாடகை பேலரையே நம்பி இருக்கிறவங்க, சீசனுக்கு முன்னாடியே ஊரா சேர்ந்து தேதி பேசி வையுங்க. அந்த முப்பது நாளைக்கு ஒன்றியத்துக்கு நாலு பேலர் வேணும்னு கிராம சபையில கேட்போம். தனித்தனியா ஏங்குறதை விட சேர்ந்து கேட்கிறது மேல்.

இவ்வளவுக்கும் பிறகு பழசுதான் வேணும்னு நிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நின்ன மிஷினைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீங்க. வைக்கோல் போட்டு ஐம்பது கட்டு தொடர்ந்து ஓட்டச் சொல்லுங்க, விடுபட்ட முடிச்சை எண்ணுங்க. ஷியர் போல்ட் இருக்க வேண்டிய இடத்துல சாதா போல்ட் முறுக்கியிருந்தா, உள்ளே அடி வாங்கின மிஷின்னு அர்த்தம். ஊசியில, பிளஞ்சர்ல வெல்டிங் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒரிஜினல் பில்லைக் கேளுங்க. மானியத்துல வாங்கின மிஷினைக் குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கும், அந்த வில்லங்கம் நம்ம தலையில விழும். இத்தனைக்கும் சம்மதிக்கிற புரோக்கர் கிடைச்சா, அப்பவும் 4,800 கட்டுக் கணக்கை இன்னொரு தடவை போட்டுட்டுப் பணத்தை எண்ணுங்க.